சைகோன் சாலைகளில் நடமாடுவது எப்படி: நெல்லைச் சீமையிலிருந்து செல்வோருக்கு

2023-ஆம் ஆண்டில் திருச்சியிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வியட்நாமின் ஹோசிமின் நகரத்துக்கு நேரடி விமானங்கள் தொடங்கப்பட்ட பிறகு, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்து மக்களுக்கு அந்த ஊர் எட்டாத தூரமாக இல்லை. புறப்படுமுன் விசாவைப் பற்றியும் சைவச் சாப்பாட்டைப் பற்றியும் பலரிடம் விசாரிக்கிற நம்மவர்கள் சாலையைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. விடுதி வாசலில் நின்று எதிர்வரிசைக் காப்பிக் கடைக்குப் போக நினைக்கும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. உள்ளூர் மக்கள் இன்றும் சைகோன் என்றே அழைக்கும் அந்நகரத்தில் பதிவான மோட்டார் சைக்கிள்கள் மட்டும் 70 லட்சத்துக்கும் மேல். காலையிலும் மாலையிலும் அவற்றில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்துவிடுகிறது.

சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலத்தின் அடியிலும் வண்ணார்பேட்டை ரவுண்டானாவிலும் வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு எந்த ஊர்ச் சாலையும் பெரிதில்லை என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. நெரிசலைக் கண்டு மிரளாத மனம் நமக்கு இருக்கிறது என்ற அளவில் அது சரிதான். ஆனால் நம் கண்ணும் கழுத்தும் காலும் இடதுபுறப் போக்குவரத்துக்குப் பழகியவை. வியட்நாமில் வண்டிகள் வலதுபுறம் செல்கின்றன. ஐரோப்பிய ஊர் ஒன்றின் அமைதியான தெருவில் இறங்குகிறவர் அந்நிய இடம் என்று தானாகவே எச்சரிக்கையாக இருப்பார். சைகோனின் இரைச்சலும் புகையும் நம்மூரை நினைவூட்டுவதால் நாம் யோசிக்காமல் பழைய வழக்கப்படியே இறங்கிவிடுகிறோம். கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே அமைந்தவை.

இடப்பக்கம் பார்த்து இறங்குதல்

நம்மூரில் சாலையோரம் நிற்பவர் முதலில் வலப்பக்கம் பார்க்கிறார். நமக்கு அருகிலுள்ள வண்டிகள் அங்கிருந்துதான் வரும். சைகோனில் அருகிலுள்ள வண்டிகள் இடப்பக்கத்திலிருந்து வரும். நடுச்சாலையைத் தாண்டிய பிறகே வலப்பக்கத்து வண்டிகள் எதிர்ப்படும். ஆகவே இடது, வலது, மறுபடியும் இடது என்று பார்த்த பிறகே கால் எடுத்து வைக்க வேண்டும். கேட்பதற்கு இது சிறிய விஷயமாகத் தெரியும். பேசிக்கொண்டே நடக்கும்போதும், கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக நிற்கும்போதும், பழைய பழக்கம் நம்மைக் கேட்காமலே கழுத்தைத் திருப்பிவிடும். முதல் சில நாட்களுக்கு, சாலையைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவது நல்லது. குடும்பத்தோடு சென்றவர்கள் யாராவது ஒருவர் "இடது" என்று வாய்விட்டுச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டால் பிள்ளைகளும் விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

நகரின் மையப்பகுதியில் ஒருவழிச் சாலைகள் நிறைய உண்டு. அங்கே ஒரு பக்கம் பார்த்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த சந்து வரை போக வேண்டிய மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர், ஊரைச் சுற்றி வருவானேன் என்று, நடைபாதை ஓரமாகவே எதிர்த்திசையில் வருவது அங்கே அன்றாடக் காட்சி. இந்த விஷயத்தில் நம்மவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு கிடையாது என்பதால் நீளமாக விளக்கத் தேவையில்லை.

சாலையைக் கடத்தல்

வரிக்கோடு போட்ட இடத்தில் நின்றால் வண்டிகள் நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சிக்னல் இல்லாத சந்திப்பில் ஒருவர் கடப்பதற்காக வண்டிகள் நிற்பது அரிது. அவரைச் சுற்றிக்கொண்டு போகும். அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பயம் பெரும்பாலும் போய்விடும். மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிறவர் உங்களைத் தொலைவிலேயே பார்த்துவிடுகிறார். நீங்கள் இன்ன வேகத்தில் இன்ன திசையில் நடக்கிறீர்கள் என்று கணித்து, உங்களுக்கு முன்னால் போவதா பின்னால் போவதா என்று அப்போதே முடிவு செய்துவிடுகிறார். அவருக்குப் பின்னால் வருகிறவர்களும் அப்படியே தத்தம் பாதையை வகுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் திடீரென்று ஓடினாலோ, பயந்து நின்றாலோ, ஓர் அடி பின்வாங்கினாலோ அத்தனை பேருடைய கணக்கும் ஒரே நேரத்தில் தவறிப்போகிறது. சீரான, சற்று மெதுவான நடையே பாதுகாப்பு. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோவில் ரத வீதிக் கூட்டத்தின் குறுக்கே போகிறவர் முண்டியடிக்காமலும் நின்றுவிடாமலும் ஒரே சீராக நகர்ந்தால் கூட்டம் தானே வழிவிடும் அல்லவா, அந்த நடைதான் இங்கே வேண்டும்.

இந்த முறை மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டுமே பொருந்தும். காரும் பேருந்தும் லாரியும் உங்களைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. அவற்றுக்குப் பக்கவாட்டில் இடமே இருக்காது. அகன்ற சாலைகளில் வலது ஓரத்தைப் பெரும்பாலும் இருசக்கர வண்டிகளுக்கும், நடுப்பகுதியைக் கார்களுக்கும் ஒதுக்கியிருப்பார்கள். எனவே நடைபாதையிலிருந்து இறங்கியதும் முதலில் மோட்டார் சைக்கிள்கள், அடுத்துக் கார்கள், நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த்திசைக் கார்கள், கடைசியில் மறுபடியும் மோட்டார் சைக்கிள்கள் என்ற வரிசையில் கடக்க நேரிடும். இறங்குவதற்கு முன்பே கார்களின் வரிசையில் இடைவெளி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, அந்த இடைவெளிக்கு ஏற்றபடி மோட்டார் சைக்கிள்களுக்குள் இறங்க வேண்டும். நகரப் பேருந்து வருகிறதென்றால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அதைப் போகவிட்டு நடப்பதே சரி.

கை ஒன்றைத் தோளுக்குச் சற்றுக் கீழாக, உள்ளங்கை வண்டிகளைப் பார்க்கும்படி நீட்டிக்கொண்டு நடப்பது பயன் தரும். "நான் வருகிறேன்" என்பதை அது தெரிவிக்கிறது. ஓட்டுகிறவர்களின் முகத்தைப் பார்த்து நடக்க வேண்டும், கைப்பேசியைப் பார்த்து நடக்கவே கூடாது. ஹாரன் ஒலி கேட்டால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அங்கே ஹாரன் பெரும்பாலும் கோபத்தின் அடையாளம் அன்று. "இந்தப் பக்கம் ஒருவன் வருகிறேன்" என்ற அறிவிப்பு. அதைக் கேட்டவுடன் நடையை மாற்றுவதுதான் தவறு.

பலர் சேர்ந்து கடக்கும்போது நீளவாட்டில் ஒருவர்பின் ஒருவராகப் போனால், வண்டிகள் இடையில் புகுந்து குடும்பம் இரண்டு துண்டாகிவிடும். தோளோடு தோளாக, வண்டிகள் ஓடும் வாக்கிலேயே உங்கள் வரிசை அமையும்படி நடந்தால் ஓட்டுகிறவருக்கு ஒரே ஆள் கடப்பது போன்ற கணக்குத்தான். திடகாத்திரமானவர் வண்டி வரும் பக்கத்தில் இருக்கட்டும். முதல் பாதியில் அது இடப்பக்கம், நடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம். ஆச்சியையோ தாத்தாவையோ அழைத்துச் சென்றால் அவர்களுடைய நடை வேகத்துக்கு எல்லோரும் வர வேண்டும். அவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவது, தனியாக விட்டுச் செல்வதைவிட மோசமானது.

சிக்னல் உள்ள இடங்களில் நிலைமை முன்பைவிட மேல். 2025 ஜனவரி 1 முதல் அங்கே அபராதங்களைப் பல மடங்கு உயர்த்திவிட்டார்கள். சிவப்பு விளக்கை மீறும் மோட்டார் சைக்கிளுக்கு 40 லட்சம் முதல் 60 லட்சம் டாங் வரை, அதாவது ஏறக்குறைய 13,000 முதல் 20,000 ரூபாய் வரை, தண்டம் கட்ட வேண்டும். அதன் பிறகு சிவப்பு விளக்குக்கு மரியாதை கூடியிருக்கிறது. ஆனாலும் சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்பலாம் என்று தனிப் பலகையோ பச்சை அம்புக்குறியோ உள்ள சந்திப்புகள் உண்டு. நடப்பவருக்கான பச்சை விளக்கு எரிகிறது என்று நிம்மதியாக இறங்குகிறவரின் குறுக்கே அந்த வலப்பக்கத் திருப்பத்தில் வண்டிகள் வரும்.

பழகிப் பார்ப்பதற்கு ஓர் இடம் சொல்ல வேண்டுமென்றால், பென் தான் சந்தையிலிருந்து ட்ரூங் டின் தெருவிலுள்ள மாரியம்மன் கோவில் வரை நடந்து பார்க்கச் சொல்வேன். சில நிமிட நடைதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோவில் அது. இன்றைக்கு அங்கே ஊதுவத்தி ஏந்தி நிற்கும் பக்தர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களே. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்றால் அலுவலக நெரிசல் இருக்காது. அது பழகிய பிறகு தோன் தாத் தியெப் தெருவின் தண்டாயுதபாணி கோவிலுக்கு நடக்கலாம். அதற்கு நகரின் நெரிசல் மிகுந்த சாலைகள் சிலவற்றைக் கடந்தாக வேண்டும். வார நாட்களில் காலை ஏழு முதல் ஒன்பது மணி வரையிலும் மாலை நாலரை முதல் ஏழு மணி வரையிலும் புதியவர்கள் பெரிய சாலைகளைத் தவிர்ப்பது நல்லது.

நடைபாதையைப் பற்றி ஒன்று. அது இருக்கிறது, ஆனால் நடப்பதற்கென்று இல்லை. வரிசையாக நிறுத்தப்பட்ட ஸ்கூட்டர்களும், தள்ளுவண்டி நூடுல்ஸ் கடைகளும், முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலிகளும் அதை நிறைத்திருக்கும். நெரிசல் நேரத்தில் அபராதத்துக்குத் துணிந்த மோட்டார் சைக்கிள்களும் ஏறி வரும். சாலையில் இறங்கி நடக்க வேண்டி வந்தால், வண்டிகளை எதிர்நோக்கியபடி நடக்கும் பக்கத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்தப் பக்கமும் நம்மூருக்கு நேர் எதிர்: அங்கே சாலையின் இடது ஓரம். கைப்பேசியை வண்டியோட்டத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு வழி பார்க்க வேண்டாம், ஓடும் வண்டியிலிருந்து பறித்துச் செல்வது அங்கே பெயர்பெற்ற திருட்டு. வழி பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு கடை வாசலுக்குள் ஏறி நின்று பார்க்கலாம். கைப்பையைச் சுவர்ப்பக்கத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். பறித்தால் விட்டுவிடுங்கள், வாரைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தால் வரும் சேதம் பையைவிடப் பெரிது.

வாடகை வண்டியிலும் பின்னிருக்கையிலும்

நாமே ஓட்டாத பயணங்களிலும் இடவலக் குழப்பம் தொடர்ந்து வருகிறது. அங்கே ஓட்டுநர் காரின் இடப்பக்கம் அமர்கிறார். நடைபாதைப் பக்கம் இருப்பது வலக்கதவு. நம்மூர் வழக்கப்படி இடக்கதவைத் திறந்து இறங்குகிறவர் நேராக வண்டியோட்டத்துக்குள் இறங்குகிறார். வலக்கதவு என்றாலும் கவனம் வேண்டும். காருக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கும் இரண்டடி இடத்தில் மோட்டார் சைக்கிள் நுழைந்து வரும். வலக்கதவின் பிடியை இடக்கையால் திறந்தால் உடல் தானாகத் திரும்பி, பின்னால் வருவது கண்ணில் படும். நகரப் பேருந்தின் கதவும் வலப்பக்கம்தான். ஆகவே நீங்கள் போக வேண்டிய திசைக்கான பேருந்து, நீங்கள் இயல்பாகப் போய் நிற்கும் ஓரத்துக்கு எதிர் ஓரத்தில் வந்து நிற்கும்.

கைப்பேசிச் செயலி வழியாக வாடகைக் கார் அழைப்பதுபோலவே மோட்டார் சைக்கிளையும் அழைக்கலாம். கிராப், சான் எஸ்.எம். ஆகியவை பரவலாகக் கிடைக்கின்றன. ஏறுமுன்பே கட்டணம் திரையில் தெரிந்துவிடுவதால் பேரம் கிடையாது. தெருமுனையில் நின்று கூப்பிடும் பழைய வகை "சே ஓம்" வண்டிகளில் தொகையை முன்கூட்டியே எழுதிக் காட்டிப் பேசிக்கொள்ள வேண்டும். மீட்டர் டாக்ஸியில் கடைசி மூன்று சுழிகளைக் காட்டமாட்டார்கள். மீட்டரில் 45 என்றால் 45,000 டாங், நம் பணத்தில் ஏறக்குறைய 150 ரூபாய். இருபதாயிரம் டாங் நோட்டும் ஐந்து லட்சம் டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம் என்பதால், இருட்டில் காருக்குள் அமர்ந்து பணம் எண்ணிக் கொடுப்பது வீண் நஷ்டத்தில் முடியும். சிறிய நோட்டுகளைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கும், சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் இருக்கும். நம்மூரில் வண்டி சாலையின் இடது ஓரத்தில் நிற்பதால், நடைபாதையிலிருந்து இடப்பக்கமாக ஏறுகிறோம். சூடான சைலன்சர் மறுபுறம் இருப்பதால் காலில் படுவதில்லை. சைகோனில் வண்டி வலது ஓரத்தில் வந்து நிற்கும், நடைபாதைக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பதே சைலன்சர்தான். அரைக்கால் சட்டையோடு வலப்பக்கமாக ஏறியும் இறங்கியும் கெண்டைக்காலில் சூடு வாங்கிக்கொள்ளும் வெளியூர்க்காரர்கள் ஏராளம். ஓட்டுநரை நடைபாதைமீதே வண்டியை ஏற்றி நிறுத்தச் சொல்லி இடப்பக்கமாக ஏறலாம். முடியாதபோது முழுக்கால் சட்டை அணிந்து, வலக்காலைக் கால்மிதியின்மீது மட்டும் வைத்து, சைலன்சரிலிருந்து அகற்றியபடி இறங்க வேண்டும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றுங்கள், பற்பசை தடவ வேண்டாம்.

பெண்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து செல்லும் நம்மூர்ப் பழக்கம் அங்கே பொருந்தாது. நம் வண்டிகளில் இருக்கும் சாரி கார்டு அந்த ஊர் ஸ்கூட்டர்களில் கிடையாது. இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் கால்கள் இரண்டும் வண்டியோட்டத்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். சுடிதார் அணிந்து இருபுறமும் கால்போட்டு உட்கார்வதே சரி. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிவிடுங்கள், அல்லது கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். சக்கரத்தில் சிக்கும் துப்பட்டாவால் நேர்கிற விபரீதத்தை நம் மாவட்டத்துச் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தலைக்கவசம் அங்கே 2007 டிசம்பர் 15 முதல் ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம், எல்லோரும் அணிகிறார்கள். ஓட்டுநர் கொடுக்கும் கவசம் பெரும்பாலும் மெல்லியதாகவும் தளர்ந்த வாரோடும் இருக்கும் என்பதால் தாடையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கிக்கொள்ள வேண்டும். அடிக்கடி செல்கிறவர்கள் நம்மூரிலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்கிப் பெட்டியில் எடுத்துச் செல்வது வீண்செலவு ஆகாது.

விலாசம் கொடுப்பதற்கும் பழக வேண்டும். 78/12/5 என்பதுபோல் சாய்கோடிட்ட எண்கள் அங்கே சாதாரணம். பெரிய தெருவின் 78-ஆம் எண்ணருகே "ஹெம்" என்னும் சந்து பிரிகிறது. அதற்குள் 12-ஆம் எண்ணருகே இன்னொரு கிளைச் சந்து. அதில் 5-ஆம் எண் வீடு. கார் சந்தின் வாய் வரைதான் வரும். கொட்டும் மழையில் பெட்டிகளோடு அங்கே நிற்காமல் இருக்க வேண்டுமானால், விடுதியை முடிவு செய்யுமுன் எண்ணில் எத்தனை சாய்கோடு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். 2025 ஜூலை 1-இல் அண்டை மாகாணங்களான பின் துவாங், பா ரியா–வுங் தாவ் ஆகியவற்றை நகரத்தோடு இணைத்தபோது மாவட்டப் பிரிவுகளையும் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் "ஒன்றாம் மாவட்டம்" என்று சொன்னால்தான் ஓட்டுநர்களுக்கு எளிதில் விளங்குகிறது.

சாலையே வேண்டாம் என்கிறவர்களுக்கு 2024 டிசம்பர் 22-இல் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் இருக்கிறது. பென் தான் முதல் சுவோய் தியென் வரை 19.7 கிலோமீட்டர், 14 நிலையங்கள். அந்த வழித்தடத்தை ஒட்டி விடுதி எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மழையும் பள்ளமும்

மே முதல் நவம்பர் வரை அங்கே மழைக்காலம். பிற்பகலில் வானம் இருண்டு, கொட்டித் தீர்த்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். தென்காசிச் சாரல் போன்று நனைந்துகொண்டே நடக்கும் மழை அன்று. அது ஓயும் வரை எங்காவது ஒதுங்கி நிற்பதே உத்தமம். முதல் துளி விழுந்ததும் மோட்டார் சைக்கிள்காரர்கள் மேம்பாலங்களுக்கு அடியில் கும்பலாக நிறுத்தி மழையங்கி மாட்டுவார்கள். அந்த அங்கி வண்டியின் முன்பக்கத்தையும் மூடும். முகப்பு விளக்கு இருக்கும் இடத்தில் மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் துண்டு வைத்துத் தைத்திருக்கும். பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து இரண்டு தலை நுழையும் அங்கிகளும் உண்டு. வாடகை மோட்டார் சைக்கிளில் அதற்குள் தலையை நுழைத்துப் பயணம் செய்தால் வழி எதுவும் தெரியாது, ஆனால் நனையமாட்டோம்.

ஆற்றின் ஓதம், அதாவது கடலேற்றத்தோடு ஏறி இறங்கும் நீர்மட்டம், உயரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழையே இல்லாமலும் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் ஏறும். வெளிநாட்டவர் அதிகம் தங்கும் தாவ் தியென் பகுதி இதற்குப் பெயர்போனது. கடலுக்கும் நகருக்கும் மட்ட வேறுபாடு மிகக் குறைவு என்பதால், ஓதம் ஏறும்போது வடிகால்கள் வழியே தண்ணீர் வெளியேறாமல் எதிர்த்து வருகிறது. அந்த நேரத்தில் மழையும் சேர்ந்தால் முழங்கால் அளவு நிற்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சந்திப்புப் பகுதித் தண்ணீரில் நடந்தவர்களுக்கு அடியில் என்ன இருக்கும் என்று தெரியும். மூடி பெயர்ந்த வடிகால் குழி கண்ணுக்குத் தெரியாது; தண்ணீர் சுழன்று இறங்கும் இடத்தை விட்டு விலகி, முன்னால் போன வண்டி எங்கே பள்ளத்தில் இறங்கி ஏறியது என்று பார்த்து நடக்க வேண்டும். தாழத் தொங்கும் மின்கம்பிகள் உள்ள தெருக்களில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம்.

சாலைகளின் தரத்தைப் பொறுத்தவரை, முக்கியச் சாலைகள் நம் மாநகரச் சாலைகளைவிட மோசம் என்று சொல்ல மாட்டேன். தொல்லை தருபவை குழாய் பதிக்கத் தோண்டியபின் மேடும் பள்ளமுமாக மூடிய ஒட்டுகள், சாலையின் பாதியைத் தகரம் வைத்து அடைத்த கட்டுமான வேலிகள், மழையில் வழுக்கும் வெள்ளைக்கோடுகள் ஆகியவை. தகரவேலி முடியும் இடத்தில் மறுபக்கத்திலிருந்து திடீரென்று ஆட்கள் நுழைவார்கள். நடப்பவருக்கும் ஓட்டுகிறவருக்கும் அங்கேதான் கூடுதல் எச்சரிக்கை தேவை.

நாமே ஓட்டலாமா

சுற்றுலா செல்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. வாடகை ஸ்கூட்டர் மலிவாகக் கிடைக்கும், கடைக்காரர் உரிமம் கேட்கமாட்டார், நமக்கும் கை பரபரக்கும். சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்படுவது. வியட்நாம் ஏற்றுக்கொண்டிருப்பது 1968-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை. எனவே பணம் கட்டி வாங்கிச் செல்லும் அந்த அனுமதிப் புத்தகம் அங்கே செல்லாது. செல்லாத உரிமத்தோடு ஓட்டி விபத்து நேர்ந்தால், பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுப்பதற்கு அதுவே போதுமான காரணம். இங்கே முகவரிடம் காப்பீடு எடுக்கும்போது, இருசக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து செல்லும் விபத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பதையாவது கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைக்காகச் சென்று நீண்டகாலக் குடியிருப்பு அட்டை பெற்றவர்கள் தங்கள் இந்திய உரிமத்தைக் காட்டி வியட்நாம் உரிமமாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. அவர்களுக்குச் சில சொற்கள். வலப்புறம் ஓட்டுவது நெரிசலில் கடினமில்லை. முன்னால் போகிறவர்கள் இழுத்துச் சென்றுவிடுவார்கள். தவறு நிகழ்வது விடியற்காலை வெறிச்சோடிய தெருவில், பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது, யூ-திருப்பத்துக்குப் பிறகு. பின்தொடர யாரும் இல்லாத அந்தக் கணத்தில் கை தானாக இடப்பக்கம் போய்விடும். வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும், நடைபாதை என் வலக்கைப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். நம்மூரில் வலப்பக்கம் திரும்புவதில் உள்ள அபாயம் அங்கே இடப்பக்கம் திரும்புவதில் இருக்கிறது, ரவுண்டானாவைச் சுற்றுவதும் எதிர்த்திசை. குடித்திருந்தால் ஓட்டவே கூடாது: 2020 ஜனவரி 1 முதல் இரத்தத்திலோ மூச்சிலோ மதுவின் சிறு அளவும் குற்றம்.

வண்டியை நிறுத்துமிடத்தில் காவலாள் இருக்கையின்மீது சுண்ணாம்புக் கட்டியால் ஓர் எண்ணை எழுதி, அதே எண் கொண்ட சிறு சீட்டைக் கையில் தருவார். அந்தச் சீட்டைத் தொலைத்தால், வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிக்க ஆவணங்களோடு நெடுநேரம் நிற்க வேண்டி வரும். வெள்ளத்தில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடியும் மறுபடியும் செல்ஃப் போடாமல் ஓரத்துக்குத் தள்ளிச் செல்லுங்கள். காற்றுப் பம்பும் ஸ்பானருமாகத் தெருமுனைதோறும் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துத் தருவார்கள்.

அடிபட்டுவிட்டால்

காவல்துறைக்கு 113, தீயணைப்புக்கு 114, ஆம்புலன்ஸுக்கு 115. நெரிசலில் ஆம்புலன்ஸ் வந்து சேரத் தாமதமாகலாம் என்பதால், சிறிய காயத்துக்கு உள்ளூர் மக்கள் டாக்ஸியிலேயே மருத்துவமனைக்குப் போகிறார்கள். கழுத்திலோ முதுகிலோ தலையிலோ அடி என்றால் காத்திருக்கத்தான் வேண்டும்; தூக்கி உட்காரவைக்க யாரையும் விடாதீர்கள். மோதியவரோடு தெருவில் வாக்குவாதம் செய்து பயனில்லை, மொழி தெரியாத இடத்தில் கூட்டம் கூடிவிட்டால் நிலைமை கைமீறும். வண்டி எண்ணையும் இடத்தையும் படம் எடுத்துக்கொண்டு, விடுதிக்கு அழைத்து அங்குள்ளவர்களை வியட்நாமிய மொழியில் பேசச் சொல்லுங்கள். இந்தியத் துணைத் தூதரகம் அந்நகரத்திலேயே இருக்கிறது. அதன் அவசர எண்ணைப் புறப்படுமுன் குறித்துக்கொள்ள வேண்டும்.

விடுதியின் பெயரும் விலாசமும் வியட்நாமிய எழுத்தில், உங்கள் இரத்த வகை, நாள்தோறும் உண்ணும் மருந்துகளின் பெயர், காப்பீட்டு எண், ஊரில் தொடர்புகொள்ள வேண்டியவரின் எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, குடும்பத்தில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு படியை வைத்துவிடுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், அடிபட்ட நேரத்தில் முதலில் உடைவதும் காணாமல் போவதும் கைப்பேசிதான்.